தோல் வார்களுக்கு இரட்டை ஊசித் தையல்

மாட்டின் கழுத்துப் பட்டை, சலங்கைப் பட்டை, வண்டி மாட்டின் பூட்டு வார், காலில் இடும் செருப்பு முதலிய தோற்சாமான்கள் அறுந்துவிட்டால், தோல் கெட்டுப்போயிற்று என்று சொல்லி அவற்றை எறிந்துவிட்டுப் புதியவை வாங்குவது பலருடைய வழக்கம். எறியப்பட்ட பட்டையை எடுத்து ஊன்றிப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கக் காணலாம். பட்டையின் தோல் பெரும்பாலும் கெடாமலே இருக்கும். பக்கிளைச் சேர்த்து மடித்துத் தைத்த இரண்டு மூன்று அங்குல நீளத்தில் நூல் அற்றோ, துளைகள் கிழிந்து ஒன்றோடொன்று கூடியோ, அவ்விடம் மட்டும் பிரிந்திருக்கும். மாடு இழுக்கும் இழுப்பு முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு மூன்று அங்குலமே. ஆதலின் தோற்சாமானின் ஆயுளைத் தீர்மானிப்பது தோலைக் காட்டிலும் தையலே என்று கூறுவது மிகையாகாது.

தையல் விடுவதால் வரும் நஷ்டம் பட்டையின் விலையோடு நிற்பதில்லை. இரவில் கட்டுத்தறியில் நிற்கும் பசுவின் கழுத்துப் பட்டை அற்றுப்போனால், விடிவதற்குள் அது அடுத்த வயலின் பயிரில் இருக்கும்; அதனால் விளையும் வழக்குகளைக் கிராம உத்தியோகஸ்தர்கள் நன்கு அறிவர். பின்பாரம் மிகுந்த வண்டி மேட்டில் ஏறும்போது நுகத்தடி மேலெழ முயலும். அதனை மாட்டின் கழுத்தோடு பிடித்து வைத்திருப்பது பூட்டு வாரே. அது அந்த நேரத்தில் பிரிந்தால் நுகம் தூக்கிக்கொள்ள, வண்டி பின்னோக்கிச் சாயும். பாரமும் மனிதரும் கீழே விழ நேரும். வேகமாக ஓடும் ரேக்ளா வண்டிகளில் இந்த அபாயம் பன்மடங்கு அதிகம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தையலின் அருமையை முற்காலத்து விவசாயிகள் வேறொரு வழியால் அறிந்திருந்தனர். கமலை கட்டி நீர் இறைத்த நாட்களில் சாலின் அடியில் தோலால் ஆகிய தும்பி இணைக்கப்பட்டிருந்தது. முழுவதும் தோலாகவே அமைந்த பைகளும் வழங்கின. தும்பியின் தையலில் நீர் ஒழுகினால், எருதுகள் இழுத்த உழைப்பு கிணற்றுக்கே திரும்பிப் போயிற்று. சால் மேலே வந்து சேர்வதற்குள் எட்டில் ஒரு பங்கு நீர் ஒழுகிவிடுமாயின், எட்டு முறை இறைத்த எருதுகள் ஒரு முறையை வீணாக இழுத்தன என்பது பொருள். தும்பியைத் தோல் வாரினாலேயே தைப்பதும் உண்டு. நனைந்த வார் பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும் என்பது அதற்குக் காரணம். 1900-க்குப் பின் வந்த ஆண்டுகளில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் அறிஞர் சென்னையில் குரோமியம் உப்பினால் தோல் பதனிடும் சோதனைகளை நடத்தியபோது, இறைப்புக்குரிய தோற்சாமான்களும் அவர் கருத்தில் இருந்தன. 1950-க்குப் பின் மின்சார இறைப்பு இயந்திரங்கள் கிராமந்தோறும் பரவவே கமலை மறைந்தது. அதனோடு, கிராமத்தில் இருந்துகொண்டே கனமான தோலைத் தைக்கத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. இன்று சந்தையில் விற்கும் பட்டைகளை வாங்குவோருக்கு நல்ல தையல் எது, தீய தையல் எது என்று பிரித்தறியும் பழக்கமும் குறைந்துபோயிற்று.

தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர் கையாளும் கருவி கொக்கியூசி. அதன் முனைக்கு அருகில் சிறு கொக்கி வெட்டப்பட்டிருக்கும். ஊசியைத் தோலில் குத்தி, அடியில் உள்ள நூலைக் கொக்கியில் மாட்டி மேலே ஒரு வளையமாக இழுத்து, அந்த வளையத்தினுள் நூலின் மறு நுனியைச் செலுத்தி இறுக்குவார். இது மிக விரைவான முறை. செருப்பின் உட்புறம்போல இரண்டாவது கை நுழையாத இடங்களில் இதைவிட ஏற்றது வேறில்லை. ஆனால் இம்முறையில் ஒரு குறை உண்டு. மேல்நூலும் அடிநூலும் துளைக்குள் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொண்டு நிற்கின்றனவே தவிர, எதுவும் துளையைக் கடந்து மறுபுறம் சென்று தங்குவதில்லை. இறுக்கம் ஒரு புறத்தில் மிகுந்துவிட்டால், அப்புறத்து நூல் தையல் முழுவதிலும் ஒரே நேர்க்கோடாகத் தோலின் மேல் கிடக்கும். உராய்வினால் அது ஓரிடத்தில் தேய்ந்து அற்றால், பற்றிக்கொள்ள ஏதுமின்றி அடுத்தடுத்த தையல்கள் கழன்றுவிடும். தையல் இயந்திரத்தின் தையலும் இவ்வகையினதே. இயந்திரத் தையல் ஒழுங்காகத் தோன்றுவதால் அது பலமானது என்று எண்ணிவிடலாகாது.

சேணம் தைப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் முறை வேறு. அதில் நூல் ஒன்றே, ஊசிகள் இரண்டு. நூலின் ஒவ்வொரு நுனியிலும் ஓர் ஊசி கோக்கப்படும். ஒவ்வொரு துளையிலும் இடப்புற ஊசி வலப்புறத்திற்கும், வலப்புற ஊசி இடப்புறத்திற்குமாக இரண்டும் எதிரெதிரே கடந்து செல்லும். ஆகவே ஒவ்வொரு துளையிலும் நூல் இரு முறை ஊடுருவி நிற்கிறது. ஓரிடத்தில் ஒரு புறத்து நூல் தேய்ந்து அற்றாலும், மறுபுறத்து நூல் அதே துளைகளின் வழியே தோலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அக்கம்பக்கத்துத் தையல்கள் எளிதில் கழல்வதில்லை. பாரம் தாங்கும் வார் எதற்கும் இதுவே தக்க முறை. கொக்கியூசியால் ஓர் அங்குலம் தைக்கும் நேரத்தில் இம்முறையில் அதில் ஒரு பகுதியே தைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் ஒரு கழுத்துப் பட்டையில் தைக்க வேண்டிய நீளம் மொத்தத்தில் ஒரு சாணுக்கு மேல் இராது.

தைக்கத் தொடங்குமுன் தோலைக் கவனிக்க வேண்டும். பட்டைக்கும் வாருக்கும் மாட்டின் முதுகுப் பகுதித் தோலே உரியது. அதனையும் முதுகெலும்பு செல்லும் போக்கிலேயே நீளமாக வெட்ட வேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் மலிவாகக் கிடைக்கும். ஆயினும் அது நெகிழ்ந்து நீளும் தன்மையது. அதில் எத்தனை சிறப்பாகத் தைத்தாலும் துளைகள் விரிந்துவிடும். ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் முதலிய மரச்சரக்குகளால் பதனிட்ட தோல் விறைப்பாக இருந்து நூலைச் சுற்றித் துளையை இறுக்கிக்கொள்ளும். குரோமியம் உப்பினால் பதனிட்டது நீரைத் தாங்கும். ஆனால் மென்மையாதலால் பட்டைகளுக்கு அத்துணைப் பொருத்தமன்று. மடித்துத் தைக்கும் நுனியின் தசைப்புறத்தைச் சாய்வாகச் சீவி மெல்லியதாக்கினால், மடிப்பு முடியும் இடத்தில் படிபோல் மேடு நில்லாது. இந்த மேடே பல மாடுகளின் கழுத்தில் புண் உண்டாக்குகிறது.

நூலைப் பற்றி விவசாயிகள் செய்யும் தவறுகள் இரண்டு. சாக்குத் தைக்கும் சணலைக் கொண்டு பட்டையைத் தைப்பது ஒன்று. சணல் ஈரம்பட்டால் விரைவில் மட்கும். மாட்டின் வியர்வையும் மழையும் படும் இடத்தில் அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவது அரிது. கம்பியால் முறுக்கிக் கட்டிவிடுவது மற்றொன்று. இது முன்னதினும் கேடானது. கம்பி தோலை அறுப்பதோடு மாட்டின் கழுத்தையும் கிழிக்கும். நைலான் மீன்பிடி நரம்பும் வழுக்கிக் கழலும். மெல்லியதாகையால் தோலையும் அறுக்கும். பழைய சேணத் தொழிலாளர் ஆளி நார் நூலைப் பல புரிகளாக முறுக்கி உபயோகித்தனர். இக்காலத்தில் பாலியெஸ்டர் நூல் எளிதில் கிடைக்கிறது; அது மட்குவதில்லை. எந்த நூலாயினும் தேன்மெழுகுக் கட்டியின் மீது நான்கைந்து முறை அழுத்தி இழுத்துக்கொள்வது அவசியம். மெழுகு நூலுக்குள் நீர் புகாமல் தடுக்கும். புரி பிரியாமல் காக்கும். துளையில் நூலை வழுக்கவிடாமல் பிடித்து நிறுத்தும். தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொண்டால் சாதாரணமாகப் போதும். மூன்று அடுக்குத் தோலாயின் ஐந்து மடங்கு வேண்டியிருக்கும். நடுவில் நூல் தீர்ந்து முடிச்சிட நேர்வதைவிடச் சிறிது வீணாவது மேல்.

ஊசிகள் முனை மழுங்கியவையாக இருத்தல் வேண்டும். இதைக் கேட்போர் வியப்படைவர். துளையிடுவது ஊசியின் வேலையன்று. அது குத்தூசியின் வேலை. கூரிய ஊசியானது துளைக்குள் முன்னமே சென்றிருக்கும் நூலைக் குத்திப் பிளந்துவிடும். பிளந்த நூல் இறுகாது, பலமும் குன்றும். குத்தூசியின் அலகு உருண்டையாக இராமல், குறுக்கே வெட்டிப் பார்த்தால் சாய்சதுரமாக இருக்க வேண்டும். உருண்டை அலகு தோலை ஒதுக்கிக்கொண்டு வட்டத் துளையிடுகிறது. சாய்சதுர அலகோ சிறு கீறலாகத் துளையிடுகிறது. நூல் இறுகியபின் அக்கீறல் அதனைச் சுற்றி மூடிக்கொள்ளும். கீறல்கள் தையற்கோட்டின் நெடுகே கிடக்கும்படி குத்தினால், ஒன்றின் நுனி அடுத்ததன் நுனியை நோக்கி நின்று, இழுப்பு வந்ததும் கோடு முழுவதும் தபால்தலையின் ஓரம்போலக் கிழியும். கோட்டிற்குச் சாய்வாக, எல்லாம் ஒரே கோணத்தில் இருக்குமாறு குத்தினால் இவ்வாறு நேராது. இந்தச் சாய்வே முடிந்த தையலுக்கு அழகிய சாய்ந்த வரிசையையும் தருகிறது. நல்ல குத்தூசி கிடைக்காத இடங்களில், தடித்த எஃகுக் கம்பி ஒன்றைத் தட்டி, அரத்தால் நான்கு முகமாகத் தேய்த்து, மரப்பிடியில் செருகிக்கொள்ளலாம். பிடிக்கு வெளியே அலகு ஓர் அங்குலம் நீண்டிருந்தால் போதும்; அதற்கு மேற்பட்டால் வளையும்.

தையற்கோடு தோலின் விளிம்பிலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் உள்ளே இருப்பது நன்று. விளிம்பிற்கு மிக அருகே தைத்தால் தோல் பிய்ந்துவிடும். கோட்டைக் கீறும்போதே சிறு பள்ளமாகக் கீறிவிட்டால் நூல் அதனுள் தாழ்ந்து கிடந்து உராய்வுக்குத் தப்பும். பிறகு கவராயத்தின் இரு கால்களை 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விரித்து, பள்ளத்தின் வழியே நடத்திப் புள்ளிகள் இட வேண்டும். அங்குலத்திற்கு 6 தையல் என்பது இக்கணக்கு. மாட்டின் பட்டைகளுக்கும் வார்களுக்கும் இது போதுமானது. மெல்லிய பைகளுக்கு 8 வரை செல்லலாம். அடர்த்தியாகத் தைத்தால் பலம் மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். துளைகள் நெருங்க நெருங்க அவற்றிடையே எஞ்சும் தோல் குறைகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இரண்டு கைகளும் ஊசிகளைப் பிடிக்க வேண்டியிருப்பதால் தோலைப் பிடிக்க மூன்றாவது கை ஒன்று வேண்டும். வளைந்த இரண்டு மரப்பலகைகளை அடியில் சேர்த்து ஆணியடித்து, மேல்வாய் தோலைக் கவ்வும்படி அமைத்து, தொடைகளின் நடுவே இடுக்கிக்கொண்டால் அப்பணி முடியும். கிராமத்துத் தச்சர் அரை நாளில் செய்துதரக்கூடிய பொருள் இது. இஃது இல்லாமையாலேயே பல தொழிலாளர் இரட்டை ஊசி முறையைத் தெரிந்திருந்தும் கைவிடுகின்றனர்.

தையலின் முறையாவது: முதற் துளையில் நூலைச் செலுத்தி இரு புறமும் சமநீளம் இருக்குமாறு இழுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த புள்ளியில் வலப்புறமிருந்து குத்தூசியைத் தோலுக்கு நேர்செங்குத்தாகக் குத்தி எடுத்து, உடனே இடப்புற ஊசியை அத்துளையில் வலப்புறத்திற்கு அனுப்ப வேண்டும். அந்த நூல் சிறிது வெளிவந்ததும், அதனைத் தன் பக்கமாகச் சற்றுப் பின்னிழுத்து வைத்துக்கொண்டு, வலப்புற ஊசியை அதே துளையில் அதன் பின்புறமாகச் செலுத்த வேண்டும். இவ்வாறு பின்னிழுத்துப் பிடிப்பதால் ஊசி நூலைக் குத்திவிட்டதா இல்லையா என்பது கைக்குத் தெரிந்துவிடும். குத்தியிருந்தால் நூல் நகராது. பின்பு இரு நூல்களையும் இரு கைகளாலும் ஒரே அளவு பலத்துடன் இரு பக்கமும் நேராக இழுத்து இறுக்க வேண்டும். நூல் பள்ளத்தில் படிந்து, தோல் சுருங்காமல் இருப்பதே சரியான இறுக்கம். எந்த ஊசி முதலில் செல்கிறது, மற்றது அதற்கு முன்னே செல்கிறதா பின்னே செல்கிறதா என்னும் கிரமத்தைத் தொடக்கமுதல் முடிவுவரை மாற்றலாகாது. ஒரு துளையில் கிரமம் மாறினாலும் அந்த இடத்தில் சாய்வு மாறிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒருவருடைய தையலில் இத்தகைய இடங்கள் குறைந்துகொண்டே வருவதுதான் அவர் கை தேறுகிறது என்பதற்கு அடையாளம்.

புதிதாகப் பழகுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை, குத்தூசி மறுபுறத்தில் கோட்டை விட்டு விலகி வெளிவருவது. முன்புறம் நேராகவும் பின்புறம் கோணலாகவும் தையல் தோன்றும். இது அழகுக் குறை மட்டுமன்று; விலகிய துளைகள் சமமான இழுப்பைத் தாங்கமாட்டா. தோலைப் பலகையில் செங்குத்தாக நிறுத்துவதும், குத்தும்போது முழங்கையைப் பக்கவாட்டில் தூக்காமல் உடம்போடு சேர்த்து வைத்திருப்பதும், அலகை அடிக்கடி தோலின் தசைப்புறத்தில் தேய்த்துக் கூராக வைத்துக்கொள்வதும் இதற்குப் பரிகாரம். மழுங்கிய அலகு அதிக பலத்தை வேண்டுகிறது. பலம் மிகும்போது கை விலகுகிறது. கழிவுத் தோலில் ஒரு சாண் நீளமுள்ள தையல் பத்து இருபது போட்ட பிறகே உபயோகப் பொருளைத் தொடுவது நன்று.

முடிவில் முடிச்சு இடலாகாது. கடைசித் துளைக்கு வந்ததும், வந்த வழியே இரண்டு அல்லது மூன்று துளைகள் திரும்பித் தைத்து, நூலைத் தோலை ஒட்டி அறுத்துவிட வேண்டும். ஒரே துளையில் நான்கு நூல் நெருங்கி நிற்பதால் அவை தாமே பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் நூலாயின் நுனியைத் தீயருகே காட்டி உருக்கிவிடுவதும் உண்டு. மாட்டின் மேல் படும் பக்கத்தில் அவ்வாறு உருக்கியது கெட்டியான முள்ளாக நிற்கும், அதனால் வெளிப்புறத்திலேயே முடிக்க வேண்டும். பிறகு தையல் முழுவதையும் மழமழப்பான சுத்தியால் மெதுவாகத் தட்டினால் நூல் பள்ளத்தில் அமர்ந்து துளைகள் மூடும்.

தையலுக்குத் துணையாக ஆணி அறைவதாயின் செம்பு அல்லது பித்தளை ஆணியே ஆகும். ஆவாரம் பட்டை முதலியவற்றால் பதனிட்ட தோலில் உள்ள துவர்ச்சத்தும் இரும்பும் ஈரத்தில் கூடினால் தோல் கறுத்து, நாளடைவில் நொறுங்கிப்போகும். இரும்பு பக்கிளைச் சுற்றியுள்ள தோல் முதலில் கெடுவதற்கும் இதுவே காரணம்.

பட்டை வாங்கும் விவசாயி சோதித்துப் பார்ப்பது எளிது. தையல் உள்ள இடத்தை மடக்கி விரித்தால் துளைகள் வாய் திறக்கக் கூடாது. மாட்டின் மேல் படும் பக்கத்தில் விரலை ஓட்டினால் முடிச்சோ மேடோ தட்டுப்படலாகாது. இரு புறத்திலும் தையல் ஒரே விதமாகத் தெரிய வேண்டும். ஒரு புறம் தையலாகவும் மறுபுறம் நேர்க்கோடாகவும் தெரிந்தால் அது கொக்கியூசித் தையலோ இயந்திரத் தையலோ ஆகும். அத்தகைய பட்டை கன்றுக்கு உதவும், காளைக்கு உதவாது.

விலையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. முன்னாளில் கமலைத் தோல் தைத்தவருக்குக் களத்தில் தானியமாகக் கூலி அளக்கும் வழக்கம் இருந்தது. தையல் நன்றாயினும் தீதாயினும் அளவு ஒன்றே. இன்று பட்டைக்கு இவ்வளவு என்று பேரம் பேசி வாங்குவதும் அதைவிடச் சிறந்ததன்று. விரைவாக முடிப்பவரே பிழைக்க முடியும் என்னும் நிலையை வாங்குவோரே உண்டாக்கிவிடுகின்றனர். இரட்டை ஊசியால் தைத்துத் தரும்படி கேட்டு, அதற்கு ஆகும் நேரத்திற்குரிய கூலியைத் தனியாகக் கொடுப்பவருக்கு நல்ல பட்டை கிடைக்கும். கிராமத்தில் இத்தொழிலில் விருப்பமுள்ள இளைஞர் இருப்பின், 1948-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பட்டு அடையாற்றில் இயங்கிவரும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சிகளைப்பற்றி விசாரித்து அவர்களுக்கு அறிவிப்பது கிராம உத்தியோகஸ்தர்களுக்கு எளிதான காரியம்.

நன்றாகத் தைத்த பட்டையும் பராமரிப்பு இல்லையேல் நிலைக்காது. வியர்வையின் உப்பு நூலையும் தோலையும் ஒருங்கே கெடுக்கும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும்; வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தினால் தோல் விறைத்துத் துளையருகில் வெடிக்கும். முற்றும் உலர்வதற்குச் சற்று முன் ஆமணக்கெண்ணெய் அல்லது புங்கெண்ணெயைத் துணியில் தொட்டுத் தசைப்புறத்தில் மெல்லியதாகத் தடவ வேண்டும். எண்ணெய் மிகுந்தால் தோல் நெகிழ்ந்து தையல் தளரும். துடைக்கும்போதே நூலைக் கவனித்து, ஓர் இடத்தில் தேய்ந்திருக்கக் கண்டால் அந்த இடத்திற்கு இருபுறமும் மும்மூன்று துளைகள் சேரும்படி புதிய நூலால் பழைய துளைகளிலேயே தைத்துவிடலாம். பழைய துளைகளுக்கு நடுவே புதிய துளைகள் இடலாகாது.